வாழமரத்துக்கு இறப்புச் சான்று

எம்பொண்டாட்டி நர்சுங்க. நான் பனியன் கம்பெனில அயர்ன் மாஸ்டர். மாஸ்டர்னதும் பெரிய படிப்புன்னு நெனச்சுக்காதீங்க, நாலாவதோட நின்னவன். டி-சர்ட்டுல இருக்கற சுருக்கத்த எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். அவ இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயி ஒன்றர வருசமாச்சு. நான் குடியிருக்கற மண்ணரை பூராவும் லண்டன்னுதான் சொல்லி வெச்சிருக்கறன். லண்டன்ல இருந்து ரயில்ல நாலு மணி நேரம் போகோணும்னு அவ சொல்லுவா. அதையெல்லாம் யாருகிட்டப் போயி வெளக்கறது.

புருசன்ங்கற கணக்குல என்னையும் கூப்புட்டுக்கலாம்னு சட்டம் இருக்குதாம். அதுக்கு விசா போடோணும். விசாவுக்கு எழுதி அனுப்பிக் குடுக்கற ஆபீஸ்ல ஒரு மேடம் என்ற காயிதத்தையெல்லாம் மேசைல பரப்பி வெச்சு ஒண்ணொண்ணாப் படிச்சாங்க. கல்யாணச் சர்டிபிகேட் வந்ததும் நிறுத்திட்டாங்க.

"சார், உங்க மொத மனைவியோட டெத் சர்டிபிகேட் கொண்டு வரலீங்களா?"

எனக்குப் பின்னால வேற யாராச்சு உக்காந்திருக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தனுங்க. யாருமில்ல. என்னையத்தான் கேட்டிருக்கறாங்க. சர்டிபிகேட்ல ஒரு வரியத் தொட்டுக் காட்டுனாங்க. கல்யாணத்தப்ப மாப்பிள்ளையோட நெலமை என்னன்னா, பொண்டாட்டி செத்தவராம். இங்கிலீசுல இருந்தது. ஆறு வருசமா பீரோவுக்குள்ள லேமினேசன் போட்டு வெச்சிருந்தோம். அதுல இருக்கற மேல்வரி, எங்க பேரு, தேதி, இதத்தான் எம்பொண்டாட்டியும் பாத்திருக்கறா. கீழ இருக்கறத யாரு படிக்கறா? கம்பெனில ஒரு பீஸ்ல ஊசி ஓட்ட இருந்தாக்கூட செக்கிங் புள்ளைக ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிருவாங்க. எங்கூட்டுப் பீஸு செக்கிங் இல்லாமயே பேக்கிங் போயிருச்சு.

அது எப்புடி வந்ததுன்னு எனக்கு அங்க உக்காந்திருக்கறப்பவே தெரிஞ்சு போச்சு. என்ற வாய்தான்.

என்ற ஜாதகத்துல ரெண்டு தாரம்னு இருந்துச்சுங்க. பொண்ணூட்டுக்காரங்க யோசிச்சாங்க. ஜோசியரு ஒரு வழி சொன்னாரு. கல்யாணத்துக்கு முன்னால ஒரு வாழமரத்துக்குத் தாலி கட்டி, அந்த மரத்த வெட்டிப் போட்டுட்டா, ஒண்ணாந்தாரம் கழிஞ்சு போகும், வர்ற பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க பக்கம் அப்பப்ப நடக்கறதுதான். அவிநாசிக்கு அக்கட்டால ஒரு தோட்டத்துல வெச்சு நானும் மஞ்சக்கயிறு கட்டுனன். அஞ்சு நிமிசம் குடும்பம் நடத்துனன். அருவாள்ல ஒரே வெட்டு. அப்புறம் என்ற தலைல தண்ணி ஊத்தி எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டாங்க. மரத்த தோட்டத்து மாடு தின்னுருச்சு.

கல்யாணமாயி மூணு மாசங்கழிச்சு, அவ பாஸ்போர்ட்டுக்கு வேணும்னு பதியப் போனோம். பதிவாபீசுக்கு வெளிய ஒருத்தரு கம்ப்யூட்டர் வெச்சுக்கிட்டு பாரம் நெரப்பிக் குடுத்தாரு. அவ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தா. அவரு என்னையப் பாத்து, இது மொதக் கல்யாணமான்னு கேட்டாரு. கூட்டத்துல நாலு பேரு நிக்கறாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? இல்லீங்க, ரெண்டாவது, மொதச் சம்சாரம் கல்யாணத்தன்னிக்கே வெட்டுப்பட்டுச் செத்துப் போச்சுங்கன்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னன். ஒருத்தருஞ் சிரிக்கல. அந்தாளு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, டக்குடக்குன்னு அடிச்சாரு. ஜோக்கு புரியலயாட்டம் இருக்குதுன்னு நெனச்சன். அவரு பென்சில்ல டிக் போட்ட எடத்துல கையெழுத்தும் போட்டுட்டன்.

மேடங்கிட்ட இந்தக் கதையச் சொன்னன். அவங்களுக்கு ஒதடு துடிச்சுது, ஆனாச் சிரிக்கல. இப்புடியே அனுப்புனா கட்டாயம் கேள்வி வரும், செத்ததுக்கு ஆதாரம் இல்லீன்னா விசா கெடைக்காது, ஒருக்கா மறுத்துட்டா அது காலத்துக்கும் கூடவே வரும்னாங்க.

கம்பெனில என்கூட அயர்ன் போடறவன் ஒரு யோசன சொன்னான். எங்கியோ டெத் சர்டிபிகேட்டே வாங்கிக் குடுத்துருவாங்களாம். பேரு மட்டும் சொல்லோணுமாம். பேரு என்னடா போடறது, அது கற்பூரவல்லி வாழதான, அதையே போட்டா பொம்பள பேராட்டமே இருக்குமேன்னன். ரெண்டு பேரும் அயர்ன் பாக்ஸத் தள்ளி வெச்சுட்டுச் சிரிச்சோம்.

சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டு இதையும் சேத்துச் சொன்னன், சிரிப்பான்னு. அவ சிரிக்கல.

"ஏனுங்க, இங்க எல்லாப் பாரத்துலயும் உங்களுக்கும் எனக்கும் மொதக் கல்யாணம்னு எழுதிக் குடுத்திருக்கறனுங்க. இப்ப நாந்தான் பொய் சொன்ன மாதிரி ஆகும்."

சரி பண்ணிரலாம் புள்ளன்னன்.

"பண்ணுங்க. கள்ளக் காயிதமெல்லாம் வேண்டாம். டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா பேசறதுக்கு ஒரு ஆளில்லீங்க. உங்க ஜோக்கு போன்லயே கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு. ஒண்ணு நீங்க வாங்க. இல்லீன்னா இங்க வர்றதுக்காக மூணு தடவ எழுதிப் பாஸ் பண்ணுன பரிச்சையத் தூக்கிப் போட்டுட்டு நா வந்தர்றன்."

அன்னிக்குத்தான் எனக்குப் பயம் புடிச்சுது.

திருத்தறதுக்கு என்னென்ன வேணும்னு பதிவாபீசுல ஒரு லிஸ்ட் குடுத்தாங்க. நோட்டரி கிட்ட உறுதிமொழி, நான் பொறந்து வளந்த சாமளாபுரத்துல விசாரிச்சு இவனுக்கு முன்னால கல்யாணம் ஆகலீன்னு கிராம நிர்வாக அலுவலர் எழுதற கடுதாசி, ரெண்டு சாட்சி, பொண்டாட்டி கையெழுத்து. விஏஓ வந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சாரு. எதுத்தூட்டு அக்கா, இவனுக்கு இந்தப் பொண்ணு கெடச்சதே அதிசயம், இதுக்கு முன்னால எவ வருவான்னு கேட்டிருக்குது. அந்த அக்கா பேச்சுதான் எனக்குக் கெடச்ச பெரிய ஆதாரம்.

அவ கையெழுத்துக்குத்தான் கஷ்டமாப் போச்சு. அதுக்கு அவ லண்டன்ல இருக்கற நம்ம நாட்டு ஆபீசுக்குப் போகோணும். வாரத்துல கெடைக்கற ஒரு லீவுல, நாலு மணி நேரம் போயி, லைன்ல நின்னு, நாலு மணி நேரம் திரும்பி வந்தா. நான் ஒரு நிமிசம் வாயத் தொறந்ததுக்கு அவ ஒரு நாள் பூரா குளுர்ல நின்னா. அதப் பத்தி ஒரு ஜோக்கும் எனக்குத் தோணல.

எல்லாத்தையும் கட்டி எடுத்துக்கிட்டு ஆபீசர் முன்னால போயி நின்னன். கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுக் கேட்டாரு.

"இதுக்கு முன்னால கல்யாணம் ஆச்சா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் ஏன் ஆச்சுன்னு சொன்னே?"

வாழமரத்துக் கதைய முன்னயும் பின்னயும் ஒண்ணுஞ் சேக்காமச் சொன்னன். எனக்கு அது எவ்வளவு செரமம்னு உங்களுக்குத் தெரியாது. அவரு காயிதத்த ஒருக்காப் பொரட்டிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, அந்த ஜோசியரு இப்பவும் ஜாதகம் பாக்கறாரான்னு கேட்டாரு. ஆபீசரோட பையன் ஜாதகத்துலயும் இதையேதான் சொல்றாங்களாம்.

"கட்டுனதுக்கப்புறம் ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

"அவங்க அங்க இருக்கறாங்க, நான் இங்க இருக்கறனுங்க சார்."

அவரு தலையாட்டிட்டு எழுத ஆரம்பிச்சாரு.

திருத்துன சர்டிபிகேட் வர ஒரு மாசமாச்சு. மேடம் விசாவுக்கு அனுப்புனாங்க. அதுக்கப்புறம் ஆறு வாரம், நான் கம்பெனில வாயே தொறக்கல. ஒடம்பு சரியில்லியான்னு சூப்பர்வைசரே வந்து கேட்டாரு.

பாஸ்போர்ட் விசாவோட வந்தன்னிக்கு வீடியோ கால் போட்டு அந்தப் பக்கத்தக் கேமராவுக்கு முன்னால புடிச்சன். அவ ஆஸ்பத்திரில டீ குடிக்கற நேரம், யூனிபார்ம்ல இருந்தா. கிட்டக் கொண்டு வாங்க, தூரக் கொண்டு போங்க, சாய்க்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி ஒரு எழுத்து விடாம படிச்சா. போட்டாவுக்குக் கீழ இருந்த சின்ன எழுத்தக்கூட விடல. மறுக்கா மொதல்ல இருந்து படிச்சா. எனக்குக் கை வலிச்சுப் போச்சு.

"எல்லாம் சரியா இருக்குதுங்க"ன்னா. "வாங்க."