இட்லி டப்பாவில் ஒரு பொட்டலம்

எண்ணெயில் இறால் வதங்கும் வாசம் தெருமுனையில் வந்தாலே எனக்கு உதடு நமநமக்கும். ராயபுரத்தில், வீட்டுக்கு வீடு "எறா" வதக்குகிற தெருவில் பிறந்துவிட்டு, அதைத் தின்றால் மூச்சு அடைக்கும் உடம்பை வாங்கி வந்தது என் தலையெழுத்து. ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதைத் தெருவே நம்பியது, அப்பாவின் அக்கா ஸ்டெல்லா அத்தையைத் தவிர.

"கடல்காரன் வூட்டுப் புள்ளைக்கு எறா ஒத்துக்காதா? கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா எல்லாம் பழகிடும்" என்பாள் அத்தை. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

எனக்கு எட்டு வயதில், மஸ்கட்டில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க நானும் அம்மாவும் முதன்முதலாக விமானம் ஏறினோம். விமானச் சாப்பாட்டில் எது கலந்திருக்குமோ என்று பயந்து, அம்மாவே இட்லி அவித்துப் பொடி தடவி டப்பாவில் அடைத்தாள். எனக்கான ஊசி மருந்தைக் கைப்பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், இந்தவாட்டி எறாப் பொடி வாணாம்" என்று அத்தையிடம் கெஞ்சவும் செய்தாள். கேட்டால்தானே! எறாப் பொடி கட்டிக் கொடுக்காமல் எங்கள் தெருவில் யாரையும் வெளிநாட்டுக்கு அனுப்பியதில்லை. தம்பி நாக்கு செத்துக் கிடப்பானே என்று உருகிய அத்தை, காகிதத்தில் ஒரு பொட்டலம் மடித்து, அம்மா மறுபடி திறந்து பார்க்கமாட்டாள் என்று தெரிந்த ஒரே இடத்தில், அந்த இட்லி டப்பாவுக்குள்ளேயே செருகிவிட்டாள்.

ஏறி உட்கார்ந்த பிறகும் விமானம் கிளம்பத் தாமதமானது. எனக்கோ பசி. பக்கத்தில் யாருக்கும் இறால் பரிமாற வேண்டாம் என்று அம்மா பணிப்பெண்ணிடம் மன்றாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் டப்பாவைத் திறந்தேன். பொட்டலம் கிழிந்து கொட்டியிருந்தது. பொடியோடு பொடி, நிறத்தில் வித்தியாசமே இல்லை. ஒரு விள்ளல்தான் விழுங்கினேன். தொண்டை இறுகியது, கண் சொருகியது. அம்மா கத்திக்கொண்டே என் தொடையில் ஊசியைக் குத்தினாள். எங்களை இறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

விமானம் மேலே போவதைப் பார்க்காமல் வீடு திரும்பாத வழக்கப்படி விமான நிலையத்துக்கு வெளியிலேயே நின்றிருந்த அத்தை, அம்மா போனில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதும் ஆட்டோ பிடித்து வந்தாள். "இன்னாமே, ப்ளேன் போவலியா?"

"ப்ளேன் போயிடுச்சி அண்ணி. எம் பொண்ணுதான் போவப் பாத்தா."

"பேப்பர்ல மடிச்சுத்தானே வெச்சேன்" என்றாள் அத்தை.

இன்றுவரை அத்தை மன்னிப்புக் கேட்டதில்லை. ப்ளேன் ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். வேலை நிமித்தமாக நான் விமானம் ஏறும்போதெல்லாம் போன் செய்து, "ஊசி எட்துகினியா?" என்று உயிரை வாங்குகிறாள். எரிச்சலாகத்தான் வருகிறது. ஆனால் அன்றிலிருந்து அவள் அடுப்பில் இறால் ஏறவில்லை. மாமா புலம்பிக்கொண்டே கடையில் போய்த் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துத்தான் வீட்டுக்குள் நுழைகிறார். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தாலும் அத்தை வீடு வந்துவிட்டது எனக்குத் தெரியும்: அங்கே மட்டும் உதடு நமநமக்காது.