ஒரு தடவைதான் கேட்பார்கள்

ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவன் அண்ணன். பிழைக்க வந்த இடத்தில் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. ஓட்டல் சலவை அறையில் வேலை. ஈரப் படுக்கை விரிப்பை இருவர் ஆளுக்கொரு முனையில் பிடித்து உதறி, சூடான இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். எதிர்முனைக்காரி வேறு நாட்டுக்காரி. நாள் முழுக்கக் கண்ணால்தான் பேச்சு.

வந்த புதிதில் ஒருநாள், சூப்பர்வைசரம்மா தன் டப்பாவைத் திறந்து ரொட்டி நீட்டினாள். வாயாடிக்கு அகோரப் பசி. ஆனாலும் "வேண்டாம்" என்று கையை ஆட்டினாள். நம் வீடுகளில் நீட்டிய உடனே எடுத்தால் அலைகிறாள் என்பார்களே! அட, சும்மா எடுத்துக்கம்மா என்று இன்னொரு தடவை சொல்லவேண்டும், அப்புறம் கையில் திணிக்கவேண்டும். சூப்பர்வைசரம்மாவோ சிரித்தபடி டப்பாவை மூடிவிட்டாள். வாயாடிக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது.

அறையில் கூடத் தங்கியிருந்த சமையல்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க ஒரு தடவைதான்டி கேப்பாங்க. வேணும்னா வேணும்னு சொல்லு. வெக்கமெல்லாம் ஏர்போர்ட்டோட சரி."

அதன்பிறகு டீ நீட்டினால் டக்கென்று வாங்கிக்கொண்டாள். கற்றுக்கொண்டுவிட்டதாகத்தான் நினைத்தாள், பாவி மகள்.

அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்த அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போனது. டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஒரு நடை வந்துட்டுப் போயேன் வாயாடி. உன்கூட சண்டை போட்டு எவ்ளோ நாளாச்சு" என்றான் போனில்.

அரைகுறையாகக் கற்ற அந்த ஊர்ப் பேச்சில் சூப்பர்வைசரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊருக்குப் போகணுமா? இந்த மாசம் ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். இன்னொருத்தியும் கேட்டிருக்கா."

போகணும். ஒரே ஒரு வார்த்தை. பாழாய்ப்போன பழக்கம் முந்திக்கொண்டது. "பரவாயில்ல மேடம், இங்க வேலை தலைக்கு மேல கிடக்கே" என்றாள். வேலை கிடக்கட்டும், நீ முதல்ல கிளம்பு என்பாள். உடனே அழுதுவிடலாம் என்று கண்ணீரோடு தயாராக நின்றாள்.

"ரொம்ப நன்றி" என்று தோளைத் தட்டிவிட்டுச் சூப்பர்வைசரம்மா நடந்தாள். அன்று மாலையே லீவு எதிர்முனைக்காரிக்குப் போனது.

"அடிப்பாவி! உன் வாயில கொள்ளிய வைக்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சமையல்கார அக்கா. "விடிஞ்சதும் போய்க் கேளுடி!"

கேட்டாள். சூப்பர்வைசரம்மாவின் முகம் நிஜமாகவே வாடியது. "நேத்தே சொல்லியிருக்கலாமே. அவ டிக்கெட் எடுத்துட்டாளே. அவ திரும்பி வந்ததும் நீ போ."

இதை எந்த வாயால் அண்ணனிடம் சொல்வாள்? "லீவு தரமாட்டேங்கறாங்க அண்ணே" என்றாள். அவனுக்குக் குரலே எழும்பவில்லை, கோபம் மட்டும் வந்தது. "அந்த சூப்பர்வைசர்காரிகிட்ட போனைக் குடு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்." அப்புறம் பேசிய ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரம்மாவைத்தான் திட்டினான். வாயாடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எதிர்முனைக்காரி இன்னும் திரும்பி வரவில்லை. அதற்குள் அண்ணன் போய்விட்டான் என்று ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. வாயாடி விரிப்புக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். சூப்பர்வைசரம்மா ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள். தரையில் உட்கார்ந்து அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

போனில் அண்ணி கதறினாள். "கடைசிவரைக்கும் வாசலையே பாத்துட்டுக் கிடந்தாருடி. அந்தப் பொம்பளைக்கு நெஞ்சில ஈரமே இல்லையா? அவ நாசமாப் போக!"

"ஊருக்குப் போகணுமா?" சூப்பர்வைசரம்மா மெல்லக் கேட்டாள்.

"போகணும்." கேட்டு முடிக்குமுன்னே சொல்லிவிட்டாள்.

"யாருடி பக்கத்துல?" என்றாள் அண்ணி.

"கூட வேலை பாக்கறவங்க."

"அவங்களுக்காவது இரக்கம் இருக்கே, மகராசி நல்லா இருக்கட்டும்" என்று அண்ணி அழுதாள். வாயாடி வாயைத் திறக்கவில்லை.