வெர்லின் டெஷ்ஷின் சேராத ரயில்பாதை

வெர்லின் டெஷ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். மிச்சிகன் ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறி, எதிர்வீடு தெரியாத காலையிலும் எந்தப் பிள்ளை எந்த முனையில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். நான் அடுத்த வீட்டுக்காரன். இங்கே சொல்வதில் பாதி நான் பார்த்தது. மீதி அவர் மனைவி மார்லிஸ் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது.

ஓய்வு பெற்றதும் வீட்டின் கீழ்த்தளத்தில் ரயில் விடப் போவதாகச் சொன்னார் வெர்லின். பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். எங்கள் துறைமுகத்துக்கு முன்பு வந்துபோன சரக்கு வண்டியைக் கைக்கடக்கமாகச் செய்து, நான்கு சுவரையும் ஒட்டிச் சுற்றிவர விட வேண்டும் என்பது ஆசை. குளிர்காலம் முழுக்கக் கணினியில் வரைந்தார். வரைந்ததை அசல் அளவிலேயே அச்செடுத்து, தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, பலகைமேல் விரித்து, அந்தக் கோட்டின் மேலேயே தண்டவாளத்தைப் பதிப்பது திட்டம். எங்கே இடிக்கும், எங்கே பற்றாது என்பதெல்லாம் ஆணி அடிக்கும் முன்பே தெரிந்துவிடுமே.

கிழக்குப் பாதியை முதலில் அச்செடுத்தார். மை தீர்ந்து, புது மை வாங்கி வந்து, சில நாள் கழித்து மேற்குப் பாதியை எடுத்தார். எல்லாவற்றையும் ஒட்டி முடித்தபோது, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒன்று சேர வேண்டிய இரண்டு முனைகளும் சேரவில்லை. நடுவே கையகலத்துக்குப் பலகை தெரிந்தது.

சுவரை அளந்தார். சரியாக இருந்தது. கணினியில் பார்த்தார். அதுவும் சரி. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் வைக்கிற துண்டு ஒன்று கையில் இருந்தது. கிழக்குப் பக்கத் தாளில் வைத்தால் கோட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அதையே மேற்குப் பக்கம் வைத்தால் கோட்டைத் தாண்டி நீண்டது. துண்டைத் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு மேலே போய்ப் படுத்துவிட்டார்.

அவருடைய பழைய சிநேகிதர் கார்டி நோவாக் ஒரு பீர் புட்டியோடு வந்து சேர்ந்தார்.

"இந்த வீட்டைக் கட்டுனவன் தண்ணி போட்டுட்டுக் கட்டியிருப்பான்டா. சுவரே கோணல்" என்றார்.

"சுவரை அளந்துட்டேன்பா."

"நீ அளந்தது இருக்கட்டும். நான் அளக்கிறேன்."

கார்டி குனிந்து, கைக்கு எட்டிய தாளில் இரும்பு அளவுகோலை வைத்தார். அது கிழக்குப் பக்கத் தாள். "கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் கண்ணுதான் கெட்டுப்போச்சு. இல்லேன்னா மண்டை" என்று சிரித்துக்கொண்டே படியேறினார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வெர்லினின் அண்ணன் ஹரால்டுக்கு மறதி நோய் வந்தபோது முதலில் தப்பிப்போனது அளவுதான். மாட்டுக் கொட்டகைக்குப் பலகை அறுக்கப் போனவர், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நீளத்தில் அறுத்து அடுக்கி வைத்திருந்தார். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார்; தம்பி போனால், "நீங்க பால் வண்டிக்காரரா?" என்று கேட்கிறார். போதாக்குறைக்கு அந்த வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குத் திரும்பும் சாலையைத் தாண்டி வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போயிருந்தார் வெர்லின்.

தனக்கும் அதே வருகிறதோ என்ற பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வெளியே போவதை நிறுத்தினார். ஏதாவது கேட்டால் "ம்" என்பார். தன்மேல்தான் ஏதோ கோபம் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் துணி துவைக்கக் கீழே இறங்கிய மார்லிஸ், கணவர் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அந்தத் துண்டு அவர் கையில் இருந்தது.

"இங்க வா. இதை அங்க வெச்சுப் பாரு. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதான்னு சொல்லு."

மார்லிஸ் மேற்குப் பக்கத் தாளில் வைத்தார். "கோட்டைவிட நீளமா இருக்கே."

"உனக்கும் தெரியுதா?"

"எனக்கென்ன கண்ணு இல்லையா? என்னதான் ஆச்சு உனக்கு?"

அப்போதுதான் வெர்லின் ஹரால்டின் பலகைகளைப் பற்றிச் சொன்னார். மார்லிஸ் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பலகைமேல் விரித்திருந்த தாள்களின் ஓரங்களைப் பார்த்தார். பிறகு, "சோதனைக் கட்டம் எங்க?" என்று கேட்டார்.

"என்ன கட்டம்?"

"தையலுக்கு மாதிரி அச்செடுத்தா ஓரத்துல ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். அதைத்தான் முதல்ல அளப்போம். அது தப்பா இருந்தா துணியில கத்திரியே வைக்க மாட்டோம்."

வெர்லினின் தாள்களில் அப்படித் தனியாக எதுவும் இல்லை. ஆனால் அங்குலத்துக்கு ஒன்றாகச் சாம்பல் நிறக் கோடுகள் மங்கலாக ஓடின. மார்லிஸ் தையல் அளவுகோலை எடுத்து வந்து வைத்தார். கிழக்கில் கோடுகள் பொருந்தின. மேற்கில், ஒவ்வொரு கோடும் அளவுகோலின் அங்குலத்தைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டது.

"உனக்கு ஒண்ணுமில்ல. பிரிண்டர் படத்தைச் சுருக்கியிருக்கு."

"நான் அதுல எதையும் மாத்தலையே."

மார்லிஸ் அளவுகோலைக் கீழே வைத்தார். பிரிண்டரில் புது மை போட்டபிறகு தான் எடுத்த தேவாலய விருந்துக்கான அறிவிப்பு தாளில் அடங்காமல் போனதும், சுருக்கி அடக்கும்படி பிரிண்டருக்குச் சொன்னதும், அதை அப்படியே விட்டுவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்தன.

"நான்தான்" என்றார்.

"பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனைச்சேன், மார்லிஸ்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கார்டியா?"

வெர்லின் சிரித்தார். ஆனால் முழு நிம்மதி வரவில்லை. படத்தைச் சுருக்கியது பிரிண்டர். சாலையைத் தவறவிட்டது யார்? இருவருமாக மருத்துவரிடம் போனார்கள். அவர் ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை, இலையுதிர் காலத்தில் மறுபடி வாருங்கள் என்றார். அது நல்ல செய்தியா இல்லையா என்று காரில் வரும்போது இருவரும் பேசிப் பார்த்தார்கள். முடிவுக்கு வர முடியவில்லை.

மேற்குப் பாதியை மறுபடி அச்செடுத்தார்கள். முனைகள் சேர்ந்தன. கார்டி வந்து பார்த்துவிட்டு, "கோடெல்லாம் சரின்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். அவரிடம் யாரும் வாதாடவில்லை.

போன வாரம் நான் கீழே போயிருந்தேன். வெர்லின் தண்டவாளம் பதித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குப் போகும் கோடும் தானியக் கிடங்குக்குப் போகும் கோடும் பிரியும் இடத்தில் அவர் கை நின்றது. எது எது என்று தெரியாதவர்போல இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியாது. பிறகு ஒரு கோட்டின்மேல் தண்டவாளத்தை வைத்துச் சிறு ஆணியை அழுத்தினார். துவைக்கும் இயந்திரத்துப் பக்கத்திலிருந்து மார்லிஸ் எட்டிப் பார்த்து, "சரிதான்" என்றார். வெர்லின் அடுத்த ஆணியை எடுத்தார்.