பூட்டிய பெட்டிக்குள் மூச்சுவிட்ட கிருமிகள்

டாக்குரியா ரயில் பாதை ஓரத்துப் பட்டறை நான் கட்டியது. அலிப்பூர் ஆபீஸ்களில் நின்றுபோன தண்ணீர் கூலர்கள் எத்தனையோ, என் கைபட்டு மறுபடி ஓடின. மூன்று மாடி வீடு, ஊரே சிரித்தபோது எழுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இங்கே வந்தபோது வங்காள மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. இப்போது அதிலேயே சண்டை போட்டு ஜெயிக்கிறேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். காற்றைக் குறைத்துப் பிடித்து வைக்கிற பெட்டி ஒன்று செய்தேனே, அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

பெட்டி கேட்டவள் என் மருமகள். வங்காளிப் பெண். ஜாதவ்பூர் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறாள். அவளுடைய கிருமி உடம்பின் செல்லுக்குள்ளே மட்டும்தான் பெருகுமாம். நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன்: குடியிருப்பதும் அங்கே, சமையலும் வீட்டுக்காரன் அடுப்பில். வீடு மாற வெளியே வரும்போது சுருங்கி விதை மாதிரி ஆகிவிடும். அப்போது அது தின்னாது, மூச்சு விடாது, வெறும் கட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை என்று வெளியூர்களில் சில கிருமிகளை வைத்துக் காட்டிவிட்டார்களாம். இவளுடைய கிருமி மட்டும் முரண்டு பிடித்தது. ஏற்ற சர்க்கரை கொடுத்து ஆக்சிஜனைக் குறைத்தால் வெளியிலும் அதன் உடம்புக்குள் வேலை நடக்கும், வேலை நடந்தால்தான் அடுத்த செல்லுக்குள் நுழையத் தெம்பு இருக்கும் என்பது இவள் கணக்கு. ஆனால் நான் பெட்டி செய்துகொடுத்த பிறகும் ஒவ்வொரு தடவையும் கிருமி சுருண்டுபோனது. பூஜை லீவு முடிவதற்குள் பலன் வராவிட்டால் வேறு வேலை பார் என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார்.

நவமி அன்று காலை, ஆராய்ச்சிக்கூடத்தில் காவலாளி தவிர ஆளில்லை. சர்க்கரை போட்ட தட்டுகளையும் போடாத தட்டுகளையும் அவள் பெட்டிக்குள் வைத்தாள். நான் கேஸ் குழாயைச் சரிபார்த்தேன். அன்று ஆயுத பூஜை அல்லவா? பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் செய்கிற பெட்டி எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. வருஷா வருஷம் பட்டறையையும் அப்படித்தான் பூட்டி, சாவியை ஸ்பானர்களோடு சரஸ்வதி படத்தின் முன் வைப்பேன். கை தானாகச் செய்துவிட்டது.

போன் அடித்தது. மருமகள்; என்னை 'பாபா', அதாவது அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாபா, சாவி எங்கே?"

"சரஸ்வதி முன்னால."

"அங்கே எதுக்கு? நான் மணிக்கு ஒரு தரம் திறந்து பார்க்கணும். உடனே கொண்டு வாங்க!"

"பூஜையில வெச்சாச்சும்மா. நாளைக்குப் புனர்பூஜை முடியாம எடுக்க மாட்டேன். நாளைக்கு ஆத்துல கரைக்கிற உங்க துர்க்கையை இன்னிக்கே பந்தல்லேர்ந்து கிளப்பிட்டுப் போவீங்களா?"

என் மனைவி அடுக்களையிலிருந்து, "அவ படிப்பையே பூட்டிட்டு வந்து சுண்டல் கேக்குது பாரு வாய்!" என்றாள்.

சாயங்காலம் மருமகள் வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. எல்லாம் போச்சு என்றாள். கோபத்திலேயே இரண்டு கிண்ணம் சுண்டல் தின்றாள். "சுண்டல் நல்லாருக்கு. உங்ககூடப் பேச மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் பூஜை முடித்துச் சாவியை எடுத்தேன். தெருவெல்லாம் டாக் மேளம் முழங்க ஆட்டோவில் போனோம். அவள் தட்டுகளை எடுத்து, கிருமிகளைப் புதுச் செல்களின் மேல் விட்டாள். அதன்பிறகு காத்திருப்புதான். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். சர்க்கரை தின்ற கிருமிகள் நுழைந்து பெருகிய செல்களில், அவள் ஏற்றிய சாயத்தில், பச்சைப் பச்சையாக உருண்டைகள் மினுங்கின. சர்க்கரை இல்லாத பக்கம் ஒரே இருட்டு.

"இத்தனை நாளும் நான்தான் பாபா கெடுத்திருக்கேன். திறந்து திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டிருக்கேன்," என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள். பிறகு திறக்காமலே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள், பலித்தது. கைடுக்கு வாயெல்லாம் பல்.

இப்போது கட்டுரை வெளியாகிவிட்டது. கைடுக்கு நன்றி, பல்கலைக்கழகத்துக்கு நன்றி, காவலாளிக்குக்கூட நன்றி. என் பெட்டி? 'உள்ளூரில் செய்த பெட்டி' என்று ஒரே ஒரு வரி!

"சர்க்கரை என் யோசனைதானே, பாபா?" என்கிறாள். சர்க்கரை உன்னுடையதுதான் தாயே, யார் இல்லை என்றது? காற்றை வெளியே நிறுத்தியது யார்? அடுத்த கட்டுரையில் எழுது: பெட்டியைச் செய்தவர் என் மாமனார், அதைத் திறக்க விடாமல் காத்தவரும் அவரே. சாவியைப் பற்றியும் எழுது. எழுதும்வரை நானும் உன்னோடு பேச மாட்டேன். சுண்டல் மட்டும் தருவேன்.