என் மேசையில் மட்டும் ஊமையான பெட்டி

சுதந்திரம் வந்த வருஷம், மலாக்காவில் காஜா பெராங் பக்கம் ஒரு ரப்பர் வியாபாரியின் ஆபீஸில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. கிராணி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டது நான்தான். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார். தேறாவிட்டால் பின்கட்டுக் கிடங்கில் ரப்பர் ஷீட் அடுக்கப் போகவேண்டும். அப்போதைய என் உடம்புக்கு, ஷீட்தான் என்னை அடுக்கியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து தவுக்கே பேசும் பெட்டிகள் வாங்கினார். மாடியில் அவருக்கு ஒன்று. கீழே எனக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் ஒவ்வொன்று. அவர் மேலே பேசினால் பெட்டிக்குள்ளிருந்து குரல் வரும். பதில் சொல்ல, முகப்பிலிருக்கும் உருண்டைப் பொத்தானை அமுக்கிக்கொண்டு பேசவேண்டும். கையை எடுத்தால் பொத்தான் எழும்பும், மறுபடி அவர் குரல் கேட்கும். அவ்வளவுதான் வித்தை.

சரஸ்வதி பூஜைக்கு டைப்ரைட்டர், பேனா, பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டோம். அதற்கு அடுத்த வாரமே என் பெட்டி மந்தமாகிவிட்டது. தவுக்கே கூப்பிடுவது கேட்பதே இல்லை. சில சமயம் பேச்சின் வால் மட்டும் வந்து விழும்: "...உடனே கொண்டு வா!" எதை? ஒரு நாள் கோப்பி கொண்டுபோனேன். அவர் கேட்டது சிங்கப்பூர் கடிதம்.

"நான் கூப்புடுது, கூப்புடுது! நீ அங்க வடை பேசுது!" என்று ஒரு நாள் மாடிப்படியில் நின்று கத்தினார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்கு வந்த தமிழ் அது.

வடையைப் பற்றிப் பக்கத்து மேசையோடு நான் பேசியது உண்மை. அது மாடிக்கு எப்படிப் போனது? பக்கத்து மேசைக்காரர் மலாக்கா செட்டி, தமிழ் மறந்து மலாய் பேசும் பரம்பரை. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைகளில் வடையும் ஒன்று. கோள் சொல்லி என்று முடிவுகட்ட எனக்கு இது போதாதா?

ஆனாலும் பெட்டியை விடவில்லை. பேட்டரி மாற்றினேன். சல்லடைத் துளைகளில் வாய் வைத்து ஊதினேன். எலி கடித்திருக்குமோ என்று ஏணி போட்டு ஏறி ஒயர் முழுக்கத் தடவிப் பார்த்தேன், ஒட்டடைதான் கிடைத்தது. மேசையையே ஜன்னலை விட்டுத் தள்ளிப்போட்டேன். "பெட்டியை மாற்றிக்கொள்வோமா?" என்று செட்டியிடம் கேட்டேன். "உன் பீடை உன்னோடு இருக்கட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டார். அவர் பெட்டியோ கிளி மாதிரிப் பேசியது.

பீடை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. கண் திருஷ்டி! மறுநாளிலிருந்து தினமும் காலையில் பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புதுச் சந்தனம் குழைத்து, பூஜையன்று வைத்த அதே இடத்தில், பொத்தான் நடுவில் வைத்தேன். நெற்றி மாதிரி இருந்தது அதுதானே! கண்ணை மூடி வேண்டிக்கொள்வேன்: "தாயே, என்னைக் கிடங்குக்கு அனுப்பிவிடாதே. மாடியில் இருக்கிற மொட்டைக்கு நல்ல புத்தி கொடு."

தாய் இரங்கவில்லை. மூன்றாவது மாதக் கடைசியில் பெட்டி அடியோடு ஊமை. தவுக்கே செமாபோக்கிலிருந்து ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் பெட்டியைத் தூக்கினார், மோந்து பார்த்தார், பேனாக்கத்தியால் பொத்தானைச் சுற்றிச் சுரண்டினார். மஞ்சளாய்ப் பொடி கொட்டியது.

"ஏன் தம்பி, பொட்டியில பேசுவியா, இல்ல அதுக்கு அபிஷேகம் பண்ணுவியா?"

"ஏண்ணே?"

"சந்தனம் எறங்கிக் காஞ்சு, பொத்தான் அமுங்குன எடத்துலயே ஒட்டிக்கிடக்கு. தொடச்சுத் தொடச்சு வேற உள்ள தள்ளியிருக்கே. பொத்தான் அமுங்கியே கெடந்தா மேல பேசுறது உனக்கு எப்படி வரும்?"

"அப்ப நான் பேசுறது?"

"அது மட்டும் ஜோரா மேல போயிருக்கும்."

வடை போன வழி புரிந்தது. கூடவே வேறு என்னவெல்லாம் போயிருக்கும் என்பதும் புரிந்தது. செட்டியின் பெட்டியைப் பார்த்தேன். பொட்டு பக்கவாட்டுப் பலகையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அந்த மனிதரையா சந்தேகப்பட்டேன்!

மாடிப்படியில் செருப்புச் சத்தம். தவுக்கே இறங்கி வந்து சந்தனப்பொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிடங்குக் கதவு எந்தப் பக்கம் என்று என் கால்கள் தாமாகவே யோசிக்க ஆரம்பித்தன. அவர் தன் வழுக்கையை மெதுவாக ஒரு தடவு தடவினார்.

"மொட்டைக்கு நல்ல புத்தி வந்துது. நாளைக்கும் இந்த மேசை. சந்தனம் உன் தலையிலே வை."

அன்று மத்தியானமே ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குப் போய் ஆறு வடை வாங்கி வந்து செட்டியின் மேசையில் வைத்தேன். என்ன விசேஷம் என்றார். வேலை நிரந்தரம் என்றேன். அவரைச் சந்தேகப்பட்ட மீதியையும் சொல்ல வாயெடுத்து, முதலில் அவர் பெட்டியின் பொத்தானைப் பார்த்தேன். எழும்பித்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லவில்லை.