கும்பிட்டு வாங்கிய குத்துச்சண்டைப் பட்டம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். என் மச்சினன் போகிற இடமெல்லாம், "எங்க மச்சான் குத்துச்சண்டைச் சாம்பியன், எதிராளிக்கு மூணு பல்லு போச்சு" என்று சொல்லித் திரிகிறான். இனியும் வாய் திறக்காவிட்டால் மீனாட்சியம்மன் பொறுக்கமாட்டாள்.

வாடிப்பட்டியில் இருந்த என் தாய்மாமன், "கோயில் கோயிலாச் சுத்துற பயலுக்கு எம்மகளத் தரமாட்டேன். நாலு பேரு முன்னால ஒருத்தன ஜெயிச்சுக் காட்டட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்கோ அவளை விட்டால் வேறு நினைப்பில்லை. வாலிபர் குத்துச்சண்டைப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். என் எடைக்கு வந்திருந்தது ஒத்தக்கடைப் பையன் ஒருவன்தான். அவனை ஜெயித்தால் பட்டம். மாமனும் பார்க்க வந்திருந்தார்.

மணி அடித்தார்கள். மணிச் சத்தம் கேட்டால் என் கை சும்மா இருக்காது. கண்ணை மூடி, உறை மாட்டிய கைகளாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து தரையைத் தொட்டேன். பாய்ந்து வந்த பையனின் குத்து என் தலைக்கு மேலே போனது. குத்தின் பின்னாலேயே அவனும் போய்க் கயிற்றைத் தாண்டி விழுந்தான். கால் பிசகி எழ முடியவில்லை. நடுவராயிருந்தவர் என் கையைத் தூக்கிவிட்டார்.

"மாப்ள, எம்புட்டு வேகம்!" என்று மாமன் ஓடிவந்து கட்டிக்கொண்டார். பெண்ணும் கொடுத்தார்.

கல்யாணத்தன்றே அவளிடம் உண்மையைச் சொன்னேன். "பல்லியப் பாத்தே அலறுற ஆளு நீங்க, அப்பவே நெனச்சேன்" என்று சிரித்தாள். பரிசுக் கோப்பையில் இப்போது விபூதி வைத்திருக்கிறாள். பெண் வாங்கித் தந்ததற்கு மேல் அந்தப் பட்டம் எதற்கும் உதவியதில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் அடிக்காத குத்து ஒன்றைக்கூட நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.