விரலுக்குள் தட்டுப்பட்டது

“...கண்ணா இருக்குதுங்க அதுகளுக்கு? ரத்தம் ஓடுற வேகத்துல செவுத்தோரமா உருண்டு வரும். தொட்டுத் தடவி, எங்க சந்து கெடைக்குதோ அங்க உடம்பச் சுருக்கி நொழையும். வழியவே இறுக்கிக் கட்டிப்போட்டா எப்படிங்க வரும்?”

வெள்ளையணுக்களைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டே, என் நங்கையின் ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த பனியன் வேஸ்ட் துணியை அவிழ்த்தார் எங்கள் கம்பெனி நர்ஸ் சிஸ்டர். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கை தைத்த தையல் லைனில் நான் செக்கிங் பார்த்தேன். சிஸ்டர் சொன்னதெல்லாம் புரடக்‌ஷன் மேனேஜருக்காக. அவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

இப்போது நினைத்தாலும் கோபம் அடங்கவில்லை. தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் லைன் மறுபடி ஓடும். எங்கோ ஒரு குழந்தை போடும் சட்டையில் முனை கிடந்து குத்திவிடக் கூடாது, நல்ல சட்டம்தான். சிஸ்டர் கட்டை அவிழ்த்ததற்கு இரண்டு நாள் முன்பு நங்கையின் விரலில் ஊசி இறங்கி உடைந்தது. தரையெல்லாம் காந்தத்தை உருட்டினார்கள். சட்டைகளை உதறினார்கள். விரலை ஒருத்தரும் பார்க்கவில்லை. முனை கிடைக்காமல் நேரமாகவே, சூப்பர்வைசர் வேறொரு பழைய ஊசியின் முனையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். காயத்தில் மெஷின் எண்ணெயைத் தடவி, வேஸ்ட்டைச் சுற்றி, “வெரலுதானுங்க, கழுத்தா போச்சு?” என்று சிரித்தார். அவர் ஒட்டியதைப் பார்த்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்மேல் உள்ள கோபம் தனி.

கட்டை அவிழ்த்ததும் விரல் வீங்கிப் பளபளத்தது. “உள்ள கெட்டியா ஏதோ இருக்குதுங்க. அதுகளுக்குத் தட்டுப்பட்டிருச்சு, கூட்டமா வந்து நிக்குது. உங்க காந்தத்துக்குத்தான் தட்டுப்படல” என்றார் சிஸ்டர்.

“முனை நோட்டுல இருக்குதுங்க சிஸ்டர். மாத்திரை குடுத்து லைனுக்கு அனுப்புங்க” என்றார் மேனேஜர்.

அந்த விரல் இன்று மடங்குவதில்லை. நங்கை சோறு பிசையும்போதும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மேனேஜர் இப்போது இரண்டு யூனிட்டுக்குப் பெரிய ஆள்.

சிஸ்டர் அன்று நங்கையின் தோளைப் பிடித்து எழுப்பி, பேக்கிங் பக்கம் நடத்திக் கூட்டிப் போனார். சட்டைக்குள் இரும்பு இருந்தால் சத்தம் போட்டு நின்றுவிடும் மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் போகும் பெல்ட்டில் கிடந்த சட்டைகளை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் பார்க்க, நங்கையின் கையை அதன்மேல் வைத்தார்.